சுவரில் மாட்டும் சாசனம்

ஒருவர் எதை மதிக்கிறார் என்பதை அவர் வீட்டுச் சுவர் சொல்லிவிடும். நம் பாட்டன்மார் வீட்டுச் சுவரில் தெய்வப் படம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் திருமணத்தன்று எடுத்த நிழற்படம் இருந்தது. இன்று புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளையர் ஆட்சிக் காலத்து ஆவணங்களை அலுமினியத் தகட்டில் அச்சிட்டு மாட்டுகிறார்கள். ‘மெட்டல் பிரிண்ட்’ என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். நம் மன்றத்தின் படிப்பறையையும் இவ்வாறு அழகு செய்யலாம் என்ற பேச்சு எழுந்துள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட பட்டயம், விக்டோரியா அரசியின் 1858ஆம் ஆண்டு அறிக்கை ஆகியவற்றை நண்பர்கள் பரிந்துரைக்கிறார்கள். முடிவு செய்யுமுன் சில சொல்ல விரும்புகிறேன்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் அந்தத் தகட்டின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. சாயத்தை முதலில் ஒரு தாளில் அச்சிடுகிறார்கள். பாலியெஸ்டர் பூச்சுள்ள அலுமினியத் தகட்டின்மேல் அத்தாளை வைத்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் நீர்மமாகாமல் நேரே ஆவியாகிறது, கற்பூரத்தைப் போல. அந்த ஆவி பூச்சுக்குள் புகுந்து, ஆறியதும் அங்கேயே தங்கிவிடுகிறது. பதங்கமாதல் என்று பள்ளியில் படித்தோமே, அதன் கைவண்ணம் இது. தகட்டைச் செல் அரிக்காது. ஈரத் துணியால் துடைத்தாலும் கெடாது.

மூல ஆவணத்திற்கு இந்தப் பேறு இல்லை. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் பயன்படுத்திய மை, மாசிக்காய்ச் சாறும் அன்னபேதியும் கலந்து செய்தது. எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டதும் கறுக்கும். ஆனால் அதில் உள்ள அமிலமும் இரும்பும் நாளடைவில் தாளையே தின்றுவிடும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்த தாள்கள் ஆவணக் களஞ்சியங்களில் உண்டு. ஆணையை எழுதிய மையே ஆணையை அழிக்கிறது! அந்த அழிவிலிருந்து தகடு அதன் உருவத்தைக் காக்கிறது. ஆனால் பொருளைக் காப்பது யார்? படிப்பவன்தான். படிக்காமல் மாட்டினால், அது எழுத்துப் போட்ட பூவேலை, அவ்வளவே.

உலோகத்தில் எழுதுவது நமக்குப் புதிதன்று. ஒரு கொடையின் எல்லை எது, வரி யாருக்கு, நீர் யாருக்கு என்பதையெல்லாம் நம் மன்னர்கள் செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். அழகுக்காக அன்று, சொன்ன சொல் மாறாதிருக்க. 1620ஆம் ஆண்டு தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியானுக்குத் திருமுகம் அனுப்பினார். பனையோலை வடிவில் தட்டிய பொன் தகட்டில் தமிழில் எழுதிய திருமுகம் அது. அவ்வாண்டு செய்த உடன்பாட்டினால்தான் தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை எழுந்தது. 1845இல் அவர்கள் அவ்வூரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பொன்னோலை இன்றும் மாசு படாமல் கோபனேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அன்று நாம் நம் சொல்லைப் பொன்னில் எழுதிக் கொடுத்தோம். இன்று வந்தவர் தாளில் எழுதியதை நாம் தகட்டில் ஏற்றி மாட்டுகிறோம். இந்த மாற்றம் சிந்திக்கத் தக்கதன்றோ?

நான் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வந்து, ஆஸ்டின் டவுனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் தம் கூடத்தில் இத்தகைய தகடு ஒன்றை மாட்டியுள்ளார். 1791 மார்ச்சில் காரன்வாலிசின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்ததைக் காட்டும் முற்றுகைப் படம் அது. மேலே ஒரு சிறு விளக்கும் எரியும். அவருடைய தாயாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. ஆயா ஒரு நாள் என்னை அழைத்து, “ஏம்பா, இதுல நம்ம தெரு எங்கே இருக்குது?” என்று கேட்டார்.

“இது கோட்டைப் படம் ஆயா. கண்டோன்மென்ட் வந்ததே 1809இல்தான். நம்ம தெரு இதில் இல்லை” என்றேன்.

“நம்ம தெரு இல்லாத படத்துக்கு எதுக்குப்பா இவ்வளவு வெளிச்சம்?” என்றார்.

பிறகு தம் தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு தாளை எடுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அவர் தந்தை படையில் சமையற்காரராக இருந்தவர். 1946இல் அவரை விடுவித்தபோது கொடுத்த ஆங்கிலச் சான்றிதழ் அது. பெயர், தந்தை பெயர், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு. கடைசியில் ‘நடத்தை நன்று’ என ஒரு வரி. அதைத் தமிழில் சொன்னேன். “அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லுப்பா” என்றார். சொன்னேன். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீட்டில் இருந்த தாள். அவருக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை.

அதுவும் வெள்ளையர் காலத்து ஆவணந்தானே! அரசியின் முத்திரை உள்ளது மட்டும் வரலாறு ஆகிவிடுமா? 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் புறப்பட்டது. 1911 வரை சென்றவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். கப்பல் பட்டியல்கள் அவர்களுடைய பெயரையும் ஊரையும் சாதியையும் உடல் அடையாளத்தையும் குறித்து வைத்தன. எழுதியவன் ஆளைக் கணக்கில் வைக்க எழுதினான். ஆனால் தென்னாப்பிரிக்கத் தமிழர் இன்று அப்பட்டியல்களைக் கொண்டே தம் முன்னோரின் ஊரைத் தேடுகிறார்கள். அடக்க எழுதிய எழுத்தும், படிப்பவன் கைக்கு வந்தால் உறவு சொல்லும்.

ஆகவே படிப்பறையில் தகடுகள் வேண்டா என்று நான் சொல்லவில்லை. மூன்று வேண்டுகோள்கள் மட்டும் வைக்கிறேன். மாட்டுமுன் முழுவதும் படிப்போம். பக்கத்தில் அதன் தமிழாக்கத்தையும் வைப்போம். ஆண்டவர்களின் ஆவணம் ஒன்று மாட்டினால், ஆளப்பட்டவர்களின் ஆவணம் ஒன்றையும் அதே அளவில், அதே உயரத்தில் மாட்டுவோம்.

நம்மில் பலர் பிழைப்புக்காகப் பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஆலைச் சீட்டோ, தங்கவயல் சுரங்கத்தின் சம்பளத் தாளோ, படைச் சான்றிதழோ நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கக்கூடும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கேட்டுப் பாருங்கள். மூலத்தைக் கொண்டுவர வேண்டா. அது இருக்குமிடத்திலேயே இருக்கட்டும். நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வாருங்கள். பெரியவர்கள் அருகில் இருந்தால், அதை முதலில் அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.