லோடு குறைஞ்சா வேலை குறையுமா?



முதலாம் ஆண்டில் சேர்ந்த அன்று, "அப்பா என்ன வேலை?" என்று வகுப்பில் கேட்டார்கள். "டிரைவர்" என்று மெதுவாகத்தான் சொன்னேன். இன்று அதை மலரிலேயே எழுதுகிறேன்.

அப்பா ஈரோட்டில் ஒரு பார்சல் ஆபீஸில் வேன் ஓட்டுகிறார். ஆறு வண்டி, ஆறு டிரைவர், ஆறு லோடுமேன். ஜவுளி பண்டல்களை ஏற்றிக்கொண்டு பவானி, அந்தியூர், கோபி, சத்தி என்று கடை கடையாக இறக்க வேண்டும். தீபாவளி சமயத்தில் அப்பா வீடு வர இரவு பத்தாகும். பொங்கல் முடிந்தால் சரக்கு குறையும், நேரத்தோடு வந்துவிடுவார் என்று அம்மா எதிர்பார்த்திருப்பார். ஆனால் 2025 மாசி மாதத்தில் அப்பா வந்தது பதினொரு மணிக்கு!

அது எப்படி? அப்பாதான் விளக்கினார். "லோடு இல்லைன்னு மொதலாளி ரெண்டு வண்டிய நிறுத்திட்டாரு கண்ணு. ரெண்டு டிரைவர வீட்ல இருக்கச் சொல்லிட்டாரு. பண்டல்தான் பாதி. கடை அதேதானே?"

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு வண்டிக்கு 20 கடை; 6 வண்டிக்கு 120. மந்தத்தில் அது 108 ஆகக் குறைந்தாலும், 4 வண்டிக்குப் பிரித்தால் வண்டிக்கு 27. கடைக்கு 15 நிமிடம் என்றால் கூடுதல் 7 கடைக்கு 105 நிமிடம். இன்னொரு ரூட்டின் தூரம் தனி. இரண்டு பேருக்குச் சம்பளம் இல்லை, நாலு பேருக்குத் தூக்கம் இல்லை. பேட்டா ஒரு ரூபாய்கூட ஏறவில்லை!

ஒரு நாள் இரவு கவுந்தப்பாடி பக்கத்தில் அப்பா கண் அசந்துவிட்டார். லோடுமேன் அண்ணன் போட்ட சத்தத்தில், வண்டி புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அப்பா வீட்டில் மூச்சு விடவில்லை. அந்த அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு டிரைவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடினார்கள். மனு எழுத வேண்டும். "உம்பட பையன்தான் டிப்ளமோ படிக்கறானே, எழுதச் சொல்லு" என்றார்கள். நான் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க மட்டும் கையெழுத்துப் போடாதீங்கப்பா. பரீட்சை பீஸ் கட்டோணும்" என்றேன்.

தோழர்களே, அதைச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அப்பா கோபப்படவில்லை. "வீட்ல உக்காந்திருக்கற ரெண்டு பேருக்கும் கொழந்தைங்க இருக்குது கண்ணு. எழுது" என்றார்.

எழுதுவதற்காகப் படித்தேன். 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்றது. அறுபது வருஷத்துக்கு மேலாக இருந்த சட்டம். அப்பாவுக்கு யாரும் சொன்னதில்லை! (2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் இரட்டைச் சம்பளம் உண்டு. ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும்.)

அமெரிக்காவிலும் இதே தொல்லைதான். அங்கே யு.பி.எஸ். பார்சல் டிரைவர்களுக்கு டீம்ஸ்டர்ஸ் என்ற சங்கம் இருக்கிறது. பெயர் கொடுத்த டிரைவரை வாரத்தில் மூன்று நாள் ஒன்பதரை மணிக்கு மேல் ஓட்டவைத்தால், அதிகப்படி நேரத்துக்கு மும்மடங்கு சம்பளம் கேட்டுப் புகார் செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள். சட்டம் ஏட்டில் இருக்கும். அதைக் கையில் வாங்கித் தருவது சங்கம்தான்.

மனுவில் முதல் கையெழுத்து அப்பாவுடையது. பத்து நாள் கழித்து முதலாளி கூப்பிட்டுப் பேசினார். நின்ற வண்டியில் ஒன்று மறுபடி ஓடியது. வீட்டில் இருந்த இருவரும் வாரம் மாற்றி வாரம் அதை ஓட்டினார்கள். இரவு எட்டுக்கு மேல் ஆனால் தனி பேட்டா. இரட்டைச் சம்பளம் இன்னும் வரவில்லை. ஆனால் அப்பா ஒன்பது மணிக்குள் சாப்பிட உட்கார்ந்தார்.

நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம், டூட்டி சார்ட் போடுவோம். அன்று பண்டலை மட்டும் எண்ணாதீர்கள் தோழர்களே, கடையையும் எண்ணுங்கள். ஓட்டுகிறவரின் மணியையும் எண்ணுங்கள். பாலிடெக்னிக்கில் நான் படித்த கணக்கு முதலில் உதவியது என் அப்பாவுக்குத்தான்!