மூன்றாவது குழாய்



டீசல் வண்டியைப் பற்றி எழுத ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். தகுதி ஏதுமில்லை. பழைய வேன் ஒன்றின் அருகில் ஒரு முழு நாள் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவே. அன்று கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2019-ஆம் ஆண்டின் இறுதி, பள்ளி விடுமுறைக் காலம். என் அண்ணன் குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து 14 பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றி வருபவர். அவருடைய பழைய டீசல் வேன் நோயுற்றது. காலையில் முடுக்கியதும் வண்டி முழுவதும் அதிரும். டீசல் நாற்றத்துடன் வெண்புகை வெளியேறும். வேகம் எடுத்தால் அதிர்வு அடங்கிவிடும். சமிக்ஞை விளக்கில் நின்றால் மீண்டும் தொடங்கும். ஒரு பட்டறையில் பார்த்துவிட்டு, “டீசல் பம்ப் போய்விட்டது, 2,800 ரிங்கிட் ஆகும்” என்றனர். அண்ணன் வேனை விற்றுவிட எண்ணினார். வேன் நின்றால் பிள்ளைகளுள் சிலர் அருகிலுள்ள வேறு பள்ளிக்கு மாறிவிடுவர் என்பது எனக்குத் தெரியும்.

செம்பனை ஆலையின் லோரிப் பட்டறையில் 30 ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற எங்கள் சித்தப்பாவிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். “பம்புன்னு யாருப்பா சொன்னா? வண்டி சொல்லுச்சா?” என்பதே அவரது முதல் கேள்வி.

டீசல் இயந்திரத்தில் பெட்ரோல் வண்டியைப் போல் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி 500 பாகைக்கும் மேல் சூடாக்கி, அதனுள் டீசலை மூடுபனியைப் போல் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சும் பணி இன்ஜெக்டருடையது. வண்டி நின்றபடி ஓடும்போது ஒவ்வொரு முறையும் உட்செல்வது ஒரு துளிக்கும் குறைவான டீசலே. ஆதலால் ஒரு சிலிண்டரில் சிறு குறை இருந்தாலும் அப்போது நன்கு வெளிப்பட்டுவிடும். புகையும் பேசும். கரும்புகை என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நீலப்புகை என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது. வெண்புகை என்றால் பெரும்பாலும் எரியாத டீசல்.

சித்தப்பா மலிவானதிலிருந்து தொடங்கினார். வடிகட்டியைக் கழற்றியபோது கரிய கசடும் நீரும் வந்தன. நம் நாட்டுப் போக்குவரத்து டீசலில் 2019-இல் செம்பனை எரிபொருளின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வெரிபொருள் பழைய தொட்டியில் படிந்த கசடைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுவரும். நீரையும் எளிதில் ஈர்த்துக்கொள்ளும். புதிய வடிகட்டியை மாட்டி, கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினார். பம்புக்குச் செல்லும் குழாயின் நடுவே கண்ணாடி போன்ற துண்டுக் குழாயை இணைத்துக் குமிழிகள் வருகின்றனவா என்று நோக்கினார். இல்லை. அதிர்வு சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அடுத்து, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதைப் போன்ற ஒரு சோதனை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி மீண்டும் இறுக்கினார். முதலாவதைத் தளர்த்தியதும் இயந்திரம் தடுமாறியது. அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது என்று பொருள். இரண்டாவதும் நான்காவதும் அவ்வாறே. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஒலியில் எந்த மாற்றமும் இல்லை.

“மூனாவது வேலை செய்யல. ஆனா தப்பு யாரு மேல?” என்றார் சித்தப்பா. பம்ப் டீசல் அனுப்பாதிருக்கலாம், சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்கலாம், இன்ஜெக்டர் பழுதாகியிருக்கலாம். இயந்திரத்தை நிறுத்தி, முதலாவது இன்ஜெக்டரையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் பொருத்தினார். மீண்டும் சோதித்தால், மூன்றாவது நன்றாக இயங்கியது; முதலாவது ஊமையாயிற்று. குறை இன்ஜெக்டருடனேயே இடம் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தில் பம்பும் சிலிண்டரும் குற்றமற்றவை என்பது உறுதியாயிற்று.

நகரத்துக் கடையில் அந்த இன்ஜெக்டரைச் சோதனைக் கருவியில் வைத்து அழுத்தியபோது, டீசல் பனியாய்ப் பரவாமல் சொட்டுச் சொட்டாய் ஒழுகிற்று. அதன் முனையை மட்டும் மாற்றி, செப்பு வளையங்களையும் புதிதாக இட்டோம். வடிகட்டியும் சேர்த்து மொத்தச் செலவு 180 ரிங்கிட். அண்ணன் முகத்தில் அன்றுதான் சிரிப்பைக் கண்டேன்.

ஓர் எச்சரிக்கை. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும்; கையை அருகில் கொண்டு செல்லாதீர்கள். நட்டைத் தளர்த்தும் இம்முறை பழைய இயந்திரங்களுக்கே உரியது. காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் உயரக்கூடும். அவற்றில் ஒருபோதும் முயலக்கூடாது. அவற்றைக் கணினிக் கருவி கொண்டே ஆராய வேண்டும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதே வேனில் வரும் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பிரச்சனைக் கணக்குகள் அனைத்திலும் தவறுவான். “கணக்கில் மிகவும் பின்தங்கியுள்ளான், பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புங்கள்” என்று அவன் தாயாரிடம் கூறியவன் நான்தான். தோட்டத்தில் உழைக்கும் அவர் மாதந்தோறும் பணம் கட்டி வந்தார்.

2020 ஜனவரியில் பள்ளி திறந்தபோது, அவன் தவறவிட்ட ஒரு கணக்கையே எடுத்து, எண்களை மாற்றாமல் நானே உரக்க வாசித்தேன். உடனே சரியான விடை கூறினான். இன்னொன்றை வாசித்தேன், அதுவும் சரி. அவனுக்குக் கணக்கு தெரியும். வாசிப்பில்தான் தடுமாறியிருக்கிறான். பழுதில்லாத பம்பை மாற்றச் சொன்ன பட்டறைக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

அவன் தாயாரை அழைத்து, “தவறு என்னுடையது அம்மா” என்று கூறி, நாள்தோறும் 15 நிமிடம் அவனோடு வாசிக்கத் தொடங்கினேன். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு பாடத்தில் பின்தங்கியதாக ஆசிரியர் கூறினால், “எப்படிச் சோதித்தீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.