ஞாயிற்றுக்கிழமை ஓவியர்

சிங்கப்பூர் ஆறு மிகச் சிறியது. அதன் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். ஆயினும் ஒரு நகரையே வளர்த்த ஆறு அது. தொடக்கக் காலத்தில் அங்குச் சரக்குத் தோணி செலுத்தியவர்களுள் பலர் தமிழகக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறிற்று. செட்டியார்களின் கிட்டங்கிகளும் நடைதூரத்தில் இருந்தன. பிழைக்க வந்தோர் வியர்வை சிந்திய அவ்வாற்றை, புலம்பெயர்ந்து வந்த ஒருவரே அழகெனக் கண்டு ஓவியமாகத் தீட்டினார். அவர் லிம் செங் ஹோ.

1912-இல் சீனத்து அமோய் நகரில் பிறந்த அவர், 1919-இல் சிறுவனாகச் சிங்கப்பூர் வந்தார். ராஃபிள்ஸ் கல்விநிலையத்தில் பயின்றபோது, பள்ளிகளின் ஓவியக் கண்காணிப்பாளராக இருந்த ஆங்கிலேயர் ரிச்சர்ட் வாக்கர் அவருக்கு நீர்வண்ணக் கலையை அறிமுகம் செய்தார். ஆனால், ஓவியம் சோறு போடும் காலமன்று அது. நகருக்கு நீரும் மின்சாரமும் வழங்கிய துறையில் லிம் எழுத்தரானார். வார நாள்கள் பதிவேடுகளுக்கு உரியவை. விடுமுறை நாள்களோ ஆற்றங்கரைக்கு உரியவை. ஒத்த மனத்தினரான நண்பர்களுடன் திறந்தவெளியில் அமர்ந்து தீட்டினார்.

நீர்வண்ணம் இரக்கமற்ற கலை. ஒருமுறை தீட்டியதை எளிதில் திருத்த இயலாது. தீட்டாது விட்ட தாளின் வெண்மையே அதில் வெயிலாகிறது. நிலநடுக்கோட்டு நாட்டிலோ ஒளி நொடிக்கு நொடி மாறும், மேகம் திரளும், ஓதம் ஏறி இறங்கும். இவ்வளவிற்கும் ஈடுகொடுக்கக் கையைப் பழக்கிக் கொண்டார் அந்த எழுத்தர். தோணிகளும் கம்பங்களும் கடைவீடுகளும் அவர் தூரிகைக்குப் பொருளாயின.

1969-இல் சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான அவர், 1979-இல் மறைந்தார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1977-இல், ஆற்றைத் தூய்மையாக்கும் பெருந்திட்டம் தொடங்கியிருந்தது. 1983-இல் தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. கழிவும் துர்நாற்றமும் நீங்கியது நன்மையே. ஆனால், அவற்றோடு சேர்ந்து ஒரு தொழிலும், அத்தொழிலால் வாழ்ந்த கரையும் விடைபெற்றன. 2018-இல் தேசிய கலைக்கூடம் அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது, அந்தக் கரை தாளில் மீண்டும் தோன்றியது.

பிறந்த மண் கேளாமலே கிடைப்பது. குடிபுகுந்த மண்ணையோ ஒவ்வொருவரும் தம் உழைப்பால் தமதாக்கிக்கொள்ள வேண்டும். சிலர் சுமை தூக்கினர். சிலர் தோணி செலுத்தினர். லிம் செங் ஹோ தமக்கு எஞ்சிய ஓய்வு நாள்களை ஈந்து, ஓர் ஆற்றைத் தமதாக்கிக்கொண்டார், நமக்கும் விட்டுச்சென்றார்.