கீழே விழுந்த இழைப்புளி

கோவை கணபதியில் ஃபவுண்டரிகளுக்கு மர உரு செய்துகொடுக்கும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. ‘பேட்டர்ன் கடை’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பம்பின் உடலோ மோட்டாரின் மூடியோ, எதுவானாலும் முதலில் மரத்தில் உருவாக வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்து, பதிந்த குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும் என்பதால், பேட்டர்ன் ஆசாரியின் அளவுகோலே அந்த அளவுக்கு நீட்டிப் பிரிக்கப்பட்டிருக்கும். மணல் உதிராமல் உருவை வெளியே எடுக்கப் பக்கங்களில் ஒன்றிரண்டு டிகிரி சாய்வும் வேண்டும். அந்தச் சாய்வைக் கண்ணளவில் கொண்டுவரும் கருவி இழைப்புளி.

நான் தேடிப்போன பட்டறையில் ஆசாரிக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். உதவிக்கு அவருடைய மருமகன். நான் போன நேரம் இருவர் முகத்திலும் ஒரு வாட்டம். பெஞ்சின் ஓரத்தில் வைத்திருந்த இழைப்புளி முழங்கை பட்டுச் சிமெண்டுத் தரையில் விழுந்திருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்டு கம்பெனியுடையது, ஐந்தாம் எண், பதினான்கு அங்குல நீளம். ஆசாரி தொழில் கற்ற பட்டறையில் அவருடைய குரு பயன்படுத்தியது.

“முன்னெல்லாம் இது மண் தரைங்க. மேல ஒரு சாண் சீவல் கெடக்கும். எத்தனை தடவை விழுந்திருக்கும், ஒண்ணும் ஆகல. இப்ப சிமெண்டு போட்டாச்சு, சுத்தமா இருக்குது. இரும்புக்குத்தான் ஆகலைங்க” என்றார்.

இந்த வகை இரும்பு இழைப்புளியின் அமைப்பு அமெரிக்காவில் லியனார்டு பெய்லி வகுத்தது. அவருடைய உரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் வாங்கியது. தகடு 45 டிகிரியில் படுக்கும் சாய்மானம், பின்னால் திருகினால் தகடு ஏறி இறங்கும் பித்தளைச் சக்கரம், நிமிர்த்தினால் தளரும் நெம்புகோல் மூடி ஆகியவை இன்றும் பெரிதாக மாறவில்லை. உடல் வார்ப்பிரும்பு. கனம், அதிர்வை விழுங்கும் குணம், தேய்த்தால் கண்ணாடிபோல் மட்டமாகும் தன்மை என்று அதற்கு நல்ல குணங்கள் நிறைய. ஆனால் விழுந்தால் தாங்காது. சாம்பல் நிற வார்ப்பிரும்பில் கரி மெல்லிய செதில்களாக உறைந்திருக்கும். அடி விழுந்ததும் விரிசல் செதிலுக்குச் செதில் தாவி ஓடிவிடும். அதிலும் தகடு வெளியே எட்டிப் பார்க்கும் வாய்ப் பகுதியில் அடித்தளமே குறுக்காக வெட்டுப்பட்டிருப்பதால், முழு உடலையும் இரண்டு பக்கச் சுவர்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. விழுந்த இழைப்புளியை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ஆசாரி எல்லாவற்றையும் கழற்றினார். தகட்டின் விளிம்பில் ஒரு நெல்லளவு பறிந்திருந்தது. பின் கைப்பிடியின் கொம்பு ஒடிந்திருந்தது. வலப்பக்கச் சுவரில் மயிரிழையாக ஒரு கோடு. அது கீறலா விரிசலா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. சுவரை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று ஊறவிட்டார். பிறகு மேலாக உலரத் துடைத்துவிட்டுச் சாக்கட்டித் தூளைப் பூசினார். சிறிது நேரத்தில் வெள்ளைப் பூச்சின்மேல் ஈரக்கோடு ஒன்று கசிந்து எழுந்தது. மேல் விளிம்பில் தொடங்கி வாயை நோக்கி இறங்கி, அடித்தளத்துக்கு ஒரு விரல் மேலே நின்றுவிட்டது. இடப்பக்கச் சுவரில் எதுவும் எழவில்லை.

“பொழைக்குமுங்க” என்றார்.

இந்தத் தீர்ப்பில்தான் பழுதுபார்ப்பின் பாதி இருக்கிறது என்று எனக்குப் பட்டது. விரிசல் அடித்தளத்தைக் கடந்து இரண்டு சுவர்களிலும் ஏறியிருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார். அப்படிப்பட்ட உடலை ஒட்டினாலும் மட்டம் நிலைக்காது; மூடி, தகடு, திருகாணிகளை எடுத்து வைத்துக்கொண்டு உடலைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். கைவிட வேண்டியதை அடையாளம் காண்பதும் அனுபவத்தில் வருவதே.

விரிசலில் ஆசாரி செய்தது ஒரே ஒரு வேலை: அது நின்ற புள்ளியில் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டார். விரிசலின் ஊசிமுனையில் திரளும் விசை வட்டத் துளையின் ஓரமெங்கும் பரவிவிடும். கோடு மேற்கொண்டு ஓடாது. மிச்சத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வெல்டரிடம் போனோம்.

உடைந்த வார்ப்பிரும்பை ஒட்டத் தெரிந்தவர்கள் கோவையில் இருப்பது தற்செயல் இல்லை. பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் 1926-இல் தொடங்கியது. பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1930-களில் வந்தது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் இறங்க, பம்பு வார்க்கும் ஊராக இது மாறியது. வார்க்கும் ஊரில் உடைவதும் அதிகம், ஒட்டுகிறவர்களும் அதிகம். நாங்கள் போன வெல்டர் வெடித்த பம்பு உடல்களையே முக்கியத் தொழிலாகச் செய்பவர். நாற்பது வயதிருக்கும். இழைப்புளியைக் கையில் வாங்கி, விரல் நகத்தால் கோட்டை வருடிப் பார்த்தார்.

“இதை அப்படியே ஆர்க்குல அடிச்சா, பக்கத்துல இன்னொரு எடம் விட்டுப்போயிருமுங்க ஐயா” என்றார் ஆசாரியிடம். “பித்தளை ராடு போட்டுக்கலாமுங்களா?”

ஆசாரி எதிர்பார்த்து வந்த பதிலும் அதுவே. ஆர்க் வெல்டிங்கில் இரும்பே உருகும். உருகிய இடம் சட்டென்று குளிரும்போது அதிலுள்ள கரி செதிலாகப் பிரிய நேரமின்றி இரும்போடு கூடி, அரம் கூட ஏறாத கடினமான வெள்ளை இரும்பாக உறைந்துவிடும். அந்த இடம் அடுத்த குளிர்ச்சியிலேயே வெடிக்கலாம். நிக்கல் ராடு இந்தச் சிக்கலைக் குறைக்கும், ஆனால் விலை அதிகம். பித்தளை ஒட்டு வேறு வகை. பித்தளை ராடு ஏறக்குறைய 900 டிகிரியில் உருகும். வார்ப்பிரும்பு உருக இன்னும் 250 டிகிரியாவது ஏற வேண்டும். ஆக, இரும்பு உருகாமலே பித்தளை அதன்மேல் ஈரம்போல் பரவிப் பற்றிக்கொள்ளும்.

வெல்டர் விரிசலை வி வடிவில் அரத்தால் திறந்தார். கிரைண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதைத் தொடவில்லை. காரணம் கேட்டேன். கிரைண்டர் போட்டால் உள்ளிருக்கும் கரி மேலே இழுசிப் பூசிக்கொள்ளும், பித்தளை ஒட்டாமல் உருண்டு விழும் என்றார். உலோகவியல் புத்தகமும் இதையேதான் சொல்லும். அவர் அதைத் தம் கையில் உருண்டு விழுந்த பித்தளையிடம் கற்றிருக்கிறார்.

செங்கல்லை மூன்று பக்கம் அடுக்கி, நடுவே கனத்த இரும்புப் பாளத்தின்மேல் இழைப்புளியை வைத்தார். இறுக்கிக் கட்டவில்லை. சூட்டில் விரிய இடம் இல்லையென்றால் அந்த இறுக்கமே புது விரிசலைக் கொடுக்கும். கேஸ் சுடரை விரிசலில் காட்டாமல், உடல் முழுவதும் மெல்ல ஓட்டிக்கொண்டே இருந்தார். இரும்பு மங்கிய சிவப்புக்கு வந்த பிறகுதான் வி பள்ளத்தில் வெங்காரத்தைத் தூவினார். அது பொங்கி, பிறகு கண்ணாடிபோல் படர்ந்தது. ராடின் நுனியை வைத்ததும் பித்தளை பள்ளத்தில் ஓடி நிரம்பியது. ஒட்டு வேலை சில நிமிடங்கள்தான், சூடேற்றியதுதான் நெடுநேரம்.

சூடு ஆறும் முன்பே இழைப்புளியை உமிச்சாம்பல் நிறைந்த டின்னில் புதைத்தார். மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். காற்றில் வைத்தால் மெல்லிய சுவர் முதலில் ஆறிச் சுருங்கும், கனத்த அடித்தளம் பின்னால் ஆறும், நடுவில் மாட்டிய ஒட்டு கிழியும். கூலியாக அரை நாள் தச்சுக்கூலி அளவுக்குத்தான் கேட்டார். எரிந்த கேஸுக்கே அதில் பாதி போயிருக்கும். ஆசாரி கேட்டதற்கு மேல் கொடுத்தார்.

மறுநாள் அடித்தளத்தில் மட்டப்பலகையை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், வாய்ப்பக்கம் நூலளவு குழிந்திருந்தது. இது எதிர்பார்த்ததே; சூடு பட்ட உடல் கொஞ்சமாவது முறுக்கிக்கொள்ளும். தடித்த கண்ணாடிமேல் எமரித் தாளை ஒட்டி, அடித்தளத்தில் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு மருமகன் தேய்க்கத் தொடங்கினார். அதற்கு முன் தகட்டையும் நெம்புகோல் மூடியையும் மாட்டி வேலைக்கு இறுக்குவதுபோலவே இறுக்கச் சொன்னார் ஆசாரி. தகடு மட்டும் உள்ளே ஏற்றியிருந்தது. அந்த இறுக்கத்தில் அடித்தளம் மிக நுட்பமாக வளையுமாம். வளைந்த நிலையிலேயே மட்டம் செய்தால்தான் வேலையிலும் மட்டமாக இருக்கும். முனை, வாயின் ஓரம், பின்புறம் ஆகிய மூன்று இடத்திலும் கோடுகள் அழிந்தால் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். எல்லாக் கோடும் அழியும்வரை தேய்ப்பது இரும்புக்கு நட்டம்.

கைப்பிடியை ஒட்டாமல் ஈட்டி மரத்தில் புதிதாகச் செய்தார் ஆசாரி. மரத்தின் ரேகை அடித்தளத்துக்கு இணையாக ஓட வேண்டும். அப்போது கொம்புக்கு வலு கிடைக்கும், கழுத்தை நடுவில் செல்லும் கம்பி பிடித்துக்கொள்ளும். பல கைப்பிடிகள் உடைவது விழுவதால் மட்டும் இல்லை. மரம் உலர்ந்து சுருங்கி, கம்பியின் திருகாணி தளர்ந்து கிடப்பதாலும்தான். தகட்டைப் பறிந்த இடம் மறையும்வரை சாணையில் பின்னுக்குத் தள்ளி, தண்ணீரில் முக்கி முக்கித் தீட்டினார்.

விழுந்தாலும் உடையாத இழைப்புளியே கிடையாதா என்று கேட்டேன். இருக்கிறது. ஸ்டான்லி ஒரு காலத்தில் எஃகுத் தகட்டை வளைத்து இப்படிச் சில மாதிரிகள் செய்தது. உருகிய இரும்பில் மக்னீசியம் சேர்த்தால் கரி செதிலாகாமல் உருண்டையாகும், இரும்பு அடியைத் தாங்கும் என்று 1943-இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் கண்டறிந்தார். கோவை ஃபவுண்டரிகளில் இதை எஸ்.ஜி. அயர்ன் என்பார்கள். அந்நாட்டு மெய்ன் மாநிலத்தின் லீ-நீல்சன் நிறுவனம் தன் இழைப்புளிகள் பலவற்றை அதில்தான் வார்க்கிறது. விலைதான் நம் தச்சருக்கு எட்டாது. எஸ்.ஜி. அயர்ன் வார்க்கத் தெரிந்த ஊரில், அதற்கு மர உரு செய்யும் ஆசாரியின் கையில் ஏன் அந்த இரும்பில் ஒரு கருவி இல்லை? இதைக் கோவைத் தொழில்முனைவோர் யாராவது காதில் வாங்க வேண்டும்.

தேக்குப் பலகையில் முதல் இழைப்பைப் பலகையின் அகலத்துக்கே முழுச் சீவலாக எடுத்தார் ஆசாரி. சுவரில் பித்தளைக் கோடு மஞ்சளாகத் தெரிகிறது. அதை மறைக்க வண்ணம் பூச அவர் சம்மதிக்கவில்லை. ஒட்டு விட்டால் உடனே கண்ணில் பட வேண்டும் என்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணில் உடைந்த இழைப்புளி கிடந்தால் பழைய இரும்புக்கு எடைபோடும் முன் மண்ணெண்ணெயும் சாக்கட்டியும் வைத்து விரிசல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடித்தளம் தப்பியிருந்தால் அது வேலைக்கு ஆகும். கிரில் கேட் செய்யும் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பம்பு உடல் ஒட்டுகிறவரைத் தேடுங்கள். அவர் ஒரு நாள் ஆறட்டும் என்றால் ஆறவிடுங்கள், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.