துரை கொடுத்ததாகச் சொல்லப்படும் கத்தி

எங்கள் குடும்பத்தில் ஒரு மடக்குக் கத்திக்கு வயதைவிடப் பெருமை அதிகம். விக்டோரியா மகாராணி காலத்துப் பொருள், பினாங்குத் துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் தாத்தாவின் நேர்மையை மெச்சிக் கொடுத்தது என்று மாமா சொல்வார். இன்று லிட்டில் இந்தியா என்று பலகை தொங்கும் வட்டாரத்தில், லெபோ பாசாரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கிராணியாக இருந்தவர் தாத்தா. அவருக்கு அது கடைத்தெரு. மெச்சிய துரைகளெல்லாம் கத்தி கொடுத்துக்கொண்டிருந்தால் கத்திக் கடைக்காரர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள். நான் இதை மாமாவிடம் சொன்னதில்லை.

மாமா வீடு மாறியபோது கத்தி என் கைக்கு வந்தது. பழைய கத்தியைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கத்தியிடமே கேட்கலாம். அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில், கூர் தொடங்குமுன் ஒரு சின்னச் சதுரம் தீட்டப்படாமல் இருக்கும். செய்தவர் முத்திரை அங்கேதான் விழும். நேர்வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. கைவிளக்கைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்து, லென்ஸில் பார்த்தேன். துருவுக்கு நடுவே ஒரு நட்சத்திரம், பக்கத்தில் மால்டீஸ் சிலுவை. ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் 1764 முதல் போட்டுவந்த குறி அது. அதற்கு மேலே ‘ஜி’, கிரீடம், ‘ஆர்’. கீழே தேய்ந்துபோன ‘இங்கிலாந்து’.

மகாராணி காலத்தில் அடித்திருந்தால் ‘வி.ஆர்.’ என்று இருந்திருக்க வேண்டும். ‘ஜி’ என்றால் ஜார்ஜ். ராட்ஜர்ஸுக்கு அரச அங்கீகாரம் 1822இல் கிடைத்தபோது சிம்மாசனத்தில் இருந்தவரும் ஒரு ஜார்ஜ்தான் என்பதால், கத்தியைப் பின்னுக்குத் தள்ளி மாமாவை மகிழ்விக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ‘இங்கிலாந்து’ விடவில்லை. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்ட பிறகுதான் ஷெஃபீல்டுக்காரர்கள் அதைப் பரவலாகப் பொறித்தார்கள். ஆகவே இந்த ஜார்ஜ், ஐந்தாமவர் அல்லது ஆறாமவர். 1910க்கும் 1952க்கும் நடுவே. ராட்ஜர்ஸ் பெயருக்கு இருந்த மவுசால் போலிகளும் ஏராளமாக வந்தன. முத்திரையோடு வேலைப்பாட்டையும் பார்க்க வேண்டும். இதில் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அலகு வில்லின்மேல் ‘டக்’கென்று உட்காருகிறது, பூணுக்கும் கொம்புக்கும் இடையே நகம் நுழையாது.

கைப்பிடி கடமான் கொம்பு. எலும்பைச் செதுக்கிக் கொம்புபோலச் சாயம் ஏற்றுவதும் உண்டு. இதில் வரிகள் இயற்கையாகக் கோணல்மாணலாக ஓடி, தேய்ந்த இடத்தில் தேன்நிறமாகின்றன. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தக் கொம்புகள் ஷெஃபீல்டுக்குக் கப்பலேறின. நம் காட்டு மானின் கொம்பு அங்கே போய், கத்தியாகிப் பினாங்குக்கு வந்து, கோணிச் சாக்கின் சணலை அறுத்திருக்கிறது.

சணல் என்று ஊகித்துச் சொல்கிறேன். பெரிய அலகு பாதியாக மெலிந்திருக்கிறது. அதுவும் நுனியில் இல்லை, நடுவயிற்றில். இழுத்து இழுத்து அறுத்து, மறுபடி கல்லில் தீட்டிய கத்திதான் இப்படிக் குழியும். சின்ன அலகு பென்சில் சீவ மட்டும் போலும், ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. 1941 டிசம்பரிலிருந்து 1945 செப்டம்பர் வரை, ஜப்பான்காரன் காலத்தில், புது ஷெஃபீல்டு கத்தி எங்கே கிடைத்திருக்கும்? இருப்பதையே தீட்டியிருப்பார்கள். பரிசுப் பொருளை யாரும் இப்படித் தேய்ப்பதில்லை. தாத்தா காசு கொடுத்து வாங்கிய கத்தி என்றே நினைக்கிறேன். எனக்கு அந்தத் தாத்தாவைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஒருவர், “மெஷின்ல போட்டுப் பளபளன்னு ஆக்கிடுங்க, நல்ல வெள்ளி கிடைக்கும்” என்றார். மெஷினில் போட்டால் முதலில் போவது நட்சத்திரமும் சிலுவையும். ஜார்ஜ் டவுனின் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் சிமென்ட் பூசி அழகாக்கியவர்களும் இதைத்தான் செய்தார்கள்; ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உள்ளுக்குள்ளேயே பொரிந்தது.

நான் செய்தது குறைவு. சிவப்புத் துரு அரிக்கும், அதை எடுக்க வேண்டும். சாம்பலும் கருப்புமாகப் படிந்திருப்பது எஃகின் மேல் தானாக அமைந்த போர்வை, அதைத் தொடக் கூடாது. தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியால் துருவை நெம்பினேன். குத்துவிளக்குக்குப் புளி போடும் கை இங்கே சும்மா இருக்க வேண்டும். புளியின் அமிலம் எஃகைத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் சிக்குப் பிடித்து உள்தகட்டுப் பித்தளையில் பச்சை கிளப்பும். வெந்நீரில் போட்டால் கொம்பு வெடிக்கும். தோலுறைக்குள் வைத்தால் தோலே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் ஊர் இது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாதான் சரி.

அலகின் ஒரு பக்கத்தில் வட்டமாகச் சில குழிகள் இருந்தன. வெகுநேரம் யோசித்தபிறகு பிடிபட்டது: ஆயுத பூசைப் பொட்டு. குழைத்த சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு அதே இடத்தில் வருடாவருடம் காய்ந்திருக்கின்றன. அந்தக் குழிகளை நான் தொடவில்லை. இனிப் பொட்டு டப்பாவின் மூடிக்கு.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகும் ஆசையையும் விட்டுவிட்டேன். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பவரை இங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டம் பிடிக்கும். ‘தாத்தா கத்தி’ என்பதைப் போலீஸ்காரர் தக்க காரணமாக எடுத்துக்கொள்வாரா என்று சோதிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

டப்பாவில் ஒரு தாளும் வைத்திருக்கிறேன்: முத்திரை, அரசர், கொம்பு, சணல், பொட்டு. மாமாவிடம் படித்துக் காட்டினேன். “துரை எங்கடா?” என்றார். கத்தியில் துரை இல்லை மாமா என்றேன். “கத்தியில இல்லாட்டி என்ன, நான் சொல்றேன்ல, எழுது” என்றார். தாளின் பின்பக்கம் ‘மாமா சொன்னது’ என்று தலைப்பிட்டு, துரையையும் மகாராணியையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். துரையின் பெயரைக் கேட்டதற்கு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.