சொட்டும் வாயை அடைக்காதீர்கள்

மன்னார்த் தீவின் வெயிலை அறிந்தவர்கள், அங்கே சுடுநீருக்கு ஹீற்றர் எதற்கு என்று கேட்பதுண்டு. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும் விடியற்காலையில் முதியவர்களையும் பிள்ளை பெற்ற பெண்களையும் குளிக்க வார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். முன்பு விறகடுப்பில் கிடாரம் ஏறியது. இப்போது வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ஹீற்றர் பொருத்திக் கொடுக்கிறார்கள். அது ஒழுகத் தொடங்கினால் என்ன செய்வதென்று மட்டும் யாரும் சொல்லிவைப்பதில்லை.

பேசாலையில் என் அக்காவின் வீட்டில் சென்ற ஆண்டு அந்தக் கேள்வி எழுந்தது. 50 லீற்றர் ஹீற்றரின் அடியில் சொட்டுச் சொட்டாக நீர். வந்து பார்த்த குழாய் வேலைத் தம்பி, சொட்டுகின்ற சிறு வாயில் ஓர் அடைப்பானைத் திருகிவிடலாம் என்றார். "அடைச்சுவிடு தம்பி, நிலம் வழுக்குது" என்றார் அக்கா. நான் தடுத்தேன்.

செய்தி எழுதுமுன் நிருபர் கேட்கும் இரண்டு கேள்விகள் இங்கும் உதவும்: எங்கே? எப்போது? முதலில் மின்சாரத்தைத் துண்டித்தோம். ஒழுகும் நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பின்னர் எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்து, கீழே பழைய பத்திரிகைத் தாளை விரித்துவைத்தோம். ஒரு மணி நேரமாகியும் தாள் நனையவில்லை. மறுபடி மின்சாரம் கொடுத்து, தொடாமல் விலகி நின்று பார்த்தோம். நீர் சூடானபோது, குளிர்நீர் நுழையும் இடத்திலுள்ள பாதுகாப்பு வால்வின் வாயிலிருந்து மட்டும் சொட்டியது.

அது பழுதன்று; அந்த வால்வின் கடமை. 50 லீற்றர் நீரை 25 பாகையிலிருந்து 65 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், ஏறக்குறைய 0.8 லீற்றர் கூடுதலாக விரிகிறது. வந்த வழியே திரும்ப வால்வு விடாது. எனவே மிகுதி அந்தச் சிறு வாயால் வெளியேறுகிறது. அதை அடைத்துவிட்ட பின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒருநாள் பழுதானால், கலன் வெடித்துவிடும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த வாய்க்கு ஒரு குழாயை மாட்டி வடிகாலுக்கு விட்டோம். நிலம் காய்ந்தது.

சூடாகாத வேளையிலும் வால்வு சொட்டினால், உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கலாம், அல்லது குழாயின் அழுத்தம் மிகையாக இருக்கலாம். இணைப்பில் கசிந்தால் வாஷரை மாற்றினால் போதும். கலனின் உடலிலிருந்தே துருநிற நீர் வடிந்தால், உட்சுவர் அரித்துவிட்டது. புதியது வாங்குவதைத் தவிர வழியில்லை.

தீவில் இந்த இறுதி நிலை விரைவில் வந்துவிடக்கூடும். இங்கே மணலுக்கடியிலுள்ள நன்னீர், கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு படலம். அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்க்கும். கலனைத் துருவிலிருந்து காப்பதற்காகத் தன்னையே கரைத்துக்கொள்ளும் மக்னீசியத் தண்டு ஒன்று உள்ளே இருக்கிறது. உவர்நீரில் அது வேகமாகக் கரையும். ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுவது நல்லது.

அந்தத் தம்பியிடம் குறை காண்பதற்கில்லை. ஒழுகினால் அடைப்பதுதான் அவர் பழகிய தொழில். அம்மாவுக்கு ஹீற்றர் வாங்க பணம் அனுப்பிய பிள்ளைகள், அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்த வால்வின் வாய் திறந்திருக்கிறதா?