அழித்தால் என்ன நடக்கும்?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு டேட்டாபேஸ் எதுக்கு எண்டு கேட்கிறவர்களுக்கு நான் எங்கட பழைய எக்ஸெல் ஷீட்டைத்தான் காட்டுவேன். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு பற்றி வயதானவர்களிடம் கேட்டு நாங்கள் ஐந்து பேர் ஃபோனில் பதிந்த 43 ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன. பேசியவர்கள் 17 பேர். ஒரு ஒலிப்பதிவுக்கு ஒரு வரி. அந்த வரியில் பேசியவரின் பெயர், வயது, அப்போதிருந்த ஊர். ஒருவர் நான்கு தரம் பேசியிருந்தால் அவருடைய ஊரையும் நான்கு தரம் அடிக்க வேண்டும். ஐந்து பேர் இருந்து அடித்தால் ஒருவர் சுன்னாகம் என்பார், மற்றவர் சுண்ணாகம் என்பார். சனம் இரண்டு மாதிரியும்தான் எழுதுகிறது. ஆனால் எக்ஸெலுக்கு அது இரண்டு ஊர்.

கணினி படிக்கிற நண்பன் ஒருவன் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இது ஜாங்கோவில ரெண்டு மணித்தியால வேலை மச்சான்" என்றான். அந்த ரெண்டு மணித்தியாலம் மூன்று கிழமையாக நீண்டது வேறு கதை. அவன் கட்டக் கட்ட நான் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக நானே எழுதவும் பழகினேன்.

ஜாங்கோ என்பது பைத்தன் மொழியில் எழுதப்பட்ட ஒரு வெப் ஃபிரேம்வேர்க். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்ற ஊரின் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் உருவாகி 2005இல் வெளியே வந்தது. பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிற்றார்க் கலைஞருடையது. டேட்டாபேஸோடு அதன் மொழியில் பேசத் தேவையில்லை. பைத்தனில் ஒரு கிளாஸ் எழுதினால் அது ஒரு அட்டவணை ஆகிவிடும். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் பைத்தனில் ஒரு ஒப்ஜெக்ட். இதைத்தான் ஓ.ஆர்.எம். என்கிறார்கள்.

எங்களுக்கு இரண்டு அட்டவணை போதும் என்றான் நண்பன். பேசியவர், ஒலிப்பதிவு. ஒருவருக்குப் பல ஒலிப்பதிவுகள். இந்த உறவை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டபோது, பேசியவரின் வரியில் அவருடைய ஒலிப்பதிவுகளைப் பட்டியல் போடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படியில்லை. 'பல' இருக்கிற பக்கம்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவும் தன் பேசியவரின் இலக்கத்தைச் சுமக்கும். அந்த இலக்கத்துக்குப் பெயர் ஃபொரின் கீ, தமிழில் அந்நியச் சாவி.

யோசித்துப் பார்த்தால் இது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். என்ர பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் என்ர பெயர் இல்லை. நாளைக்கு எனக்கொரு தம்பி பிறந்தாலும் அப்பாவின் சான்றிதழை ஒருவரும் திருத்தப் போவதில்லை. அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அறிய வேண்டுமென்றால் பிள்ளைகளின் சான்றிதழ்களைத் தேட வேண்டும். அந்தத் தேடலை ஜாங்கோ தானே செய்து தரும். ஒரு பேசியவரைப் பிடித்து 'இவருடைய ஒலிப்பதிவுகள் எல்லாம்' என்று கேட்டால் வந்துவிடும், பேசியவரின் வரியில் அப்படி எதுவும் எழுதப்படாவிட்டாலும்.

(ஒரு சின்னக் குறிப்பு, நீங்களும் செய்யப் போனால் உதவும். 43 ஒலிப்பதிவுகளையும் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் பேசியவரின் பெயரையும் காட்டச் சொன்னால், ஜாங்கோ பட்டியலுக்கு ஒரு தரமும் பெயருக்கு 43 தரமுமாக டேட்டாபேஸுக்குப் போய்வரும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒருக்கா கடைக்குப் போறது மாதிரி. 'செலக்ட் ரிலேட்டட்' என்று ஒரு சொல் சேர்த்தால் ஒரே தரத்தில் எல்லாம் வரும்.)

அந்நியச் சாவி எழுதும்போது ஜாங்கோ கட்டாயம் ஒரு கேள்வி கேட்கும். 'ஒன் டிலீட்' என்ன? அதாவது, பேசியவரை அழித்தால் அவருடைய ஒலிப்பதிவுகளுக்கு என்ன நடக்க வேண்டும்? முந்தி இந்தக் கேள்வி கட்டாயமில்லை. பதில் சொல்லாமல் விட்டால் 'காஸ்கேட்' என்று அதுவே எடுத்துக்கொள்ளும். ஒருவரை அழித்தால் அவரோடு கட்டியதெல்லாம் சேர்ந்து போகும். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்துதான் எழுதுகிறவரே வாய்திறந்து சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். எனக்கு ஜாங்கோவில் பிடித்த விஷயம் இதுதான்.

ஜாங்கோவின் கையேட்டில் இந்த உறவுக்குத் தரப்படும் உதாரணம் ஒரு செய்தியாளரும் அவருடைய கட்டுரைகளும். அங்கே காஸ்கேட் என்றே எழுதியிருக்கிறார்கள். செய்தியாளரை அழித்தால் கட்டுரைகளும் அழியும். எழுதியவருக்கு அது வெறும் உதாரணம், அவரில் பிழை ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிற எனக்கு அந்த வரியைச் சும்மா கடந்து போக முடியவில்லை. 2000 ஒக்டோபர் 19 இரவு மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அனுப்பிய செய்திகள் அதோடு இல்லாமல் போய்விடவில்லை.

எங்கட வேலையில் இந்தக் கேள்வி ஒரு ஃபோன் அழைப்பாக வந்தது. எங்களோடு மூன்று தரம் பேசிய ஆச்சி ஒருவர் எடுத்து, "என்ர பேரை அதில இருந்து எடுத்துவிடு பிள்ளை" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

அப்போது ஒன் டிலீட்டுக்கு நாங்கள் 'புரொடெக்ட்' என்று போட்டிருந்தோம். அதாவது ஒலிப்பதிவு ஒன்றாவது இருக்கும்வரை பேசியவரை அழிக்க விடாது, எரர் காட்டி மறித்துவிடும். "காஸ்கேட் ஆக்கு, மூண்டும் போகட்டும், அவ கேட்டா அழிக்கத்தான் வேணும்" என்றாள் எங்கட குழுவில் ஒருத்தி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டாவது ஒலிப்பதிவில் பக்கத்து வீட்டு அன்ரியும் எட்டு நிமிஷம் பேசுகிறா, நாவற்குழிப் பாலத்தடியில் இரவு முழுக்க நின்ற கதை. காஸ்கேட் அந்தக் கதையையும் கொண்டு போய்விடும். 'செட் நல்' போடலாம் என்றான் நண்பன். பேசியவர் போவார், ஒலிப்பதிவுகள் ஆளில்லாமல் மிஞ்சும். அதிலும் ஒரு சிக்கல். மூன்றும் ஒரே ஆளின் குரல் என்பது பிறகு எங்கேயும் இருக்காது. வரலாறு படிக்கிற ஆளுக்கு அது சின்ன இழப்பில்லை. ஒரே ஆள் முதல் நாள் சொன்னதும் மூன்றாம் நாள் சொன்னதும் எங்கே மாறுகிறது என்பதில்தான் பாதி விஷயம் கிடக்கு. போதாததுக்கு, பெயர் சொல்ல விரும்பாதவரும் பெயரே குறிக்கப்படாதவரும் அட்டவணையில் ஒரே வெறுமையாகத்தான் தெரிவார்கள்.

இரவிரவாகச் சண்டை பிடித்துவிட்டு, அடுத்த நாள் ஆச்சியிடமே போனோம். தெரிவுகளை அவவுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னோம். "எல்லாத்தையும் அழிச்சா அவளின்ர கதையும் போயிடுமே" என்று முதலில் கேட்டா. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதல் இரண்டும் பெயரில்லாமல் இருக்கட்டும், மூன்றாவதை மட்டும் எடுத்துவிடுங்கோ என்றா. மூன்றாவது, மகனைப் பற்றியது.

அவ சொன்னது காஸ்கேட்டும் இல்லை, புரொடெக்டும் இல்லை, செட் நல்லும் இல்லை. ஜாங்கோவில் அதற்கு ஒரு சொல் கிடையாது. கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. ஆச்சியின் வரியை அழிக்காமல் பெயர், ஊர், ஃபோன் நம்பரை மட்டும் வெறுமையாக்கினோம். 9 என்ற இலக்கம் மிஞ்சியது. பெயர் வெளியிட விரும்பாதவர் என்று குறிக்க ஒரு தனிப் புலமும் சேர்த்தோம்.

அன்ரிக்காக அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. ஒரு ஒலிப்பதிவில் இரண்டு பேர் பேசலாம் என்றால் ஒன்றுக்குப் பல என்ற உறவு காணாது. நடுவில் 'குரல்' என்று மூன்றாவது அட்டவணை வந்தது. அதன் ஒவ்வொரு வரியிலும் இரண்டு அந்நியச் சாவிகள், ஒன்று பேசியவருக்கு, மற்றது ஒலிப்பதிவுக்கு. ஆக, பலவற்றுக்குப் பல என்பது ஒன்றுக்குப் பல இரண்டை முதுகோடு முதுகாக வைத்ததுதான். இங்கே ஒலிப்பதிவின் பக்கம் காஸ்கேட் போட்டோம். ஒலிப்பதிவே இல்லாதபோது அதில் யார் பேசினார் என்ற வரிக்கு என்ன வேலை? பேசியவரின் பக்கம் பழையபடி புரொடெக்ட்.

மூன்றாவது ஒலிப்பதிவின் வரியை அழித்தபோது நண்பன் ஒன்று சொன்னான். வரி போனாலும் ஒலிக் கோப்பு போகாது. அதை ஜாங்கோ தொடாது, சேர்வரில் அப்படியே கிடக்கும். தேடி அழித்தோம். பிறகு ட்ரைவிலும் ஐந்து பேரின் ஃபோன்களிலும் பார்த்து, ஒருவரின் வாட்ஸ்அப்பில் கிடந்ததையும் எடுத்தோம். அழிக்க முதல் ஒரு பிரதியை மெமரி கார்ட்டில் போட்டு ஆச்சியிடம் குடுத்திருந்தோம். அதைக் கேட்க அவ பேரனின் ஃபோனைத்தான் பாவிக்கிறா.